இரண்டு பாயிண்ட் இறுக்கம்

ஈஜோக் சாலையில் டயர் கடைக்கும் கோழித்தீவனக் கடைக்கும் நடுவே ஒற்றை லேத்தை வைத்துக்கொண்டு பட்டறை நடத்திய உடையப்பனிடம் எதைக் கொண்டுபோனாலும் அவர் முதலில் அளவைக் கேட்கமாட்டார். "இத அடுத்த தடவ கழட்டப் போறது யாரு? எத வெச்சுக் கழட்டுவான்?" என்றுதான் கேட்பார். புதிதாக வருகிறவர்களுக்கு எரிச்சலாக இருக்கும். இன்னும் மாட்டவே இல்லையே என்பார்கள். தாலி கட்டும்போதே அத்துவிடுவதைப் பற்றி விசாரிக்கிற ஆள் என்று கம்போங் குவாந்தான் படகுக்காரர் மூசா அவரைக் கேலி செய்ததுண்டு. ஆனால் படகு இஞ்சின் ஆற்று நடுவே நின்று, ஒரே ஒரு ஸ்பானரால் புஷ்ஷைக் கழற்றி மாட்டிவிட்டுக் கரை சேர்ந்த பிறகு, அதே மூசா வேறு பட்டறைப் படி ஏறவில்லை.

உடையப்பனின் கணக்கு எளியது. மில்லுக்குள் இருக்கிற சாமானை எவ்வளவு இறுக்கமாகவும் மாட்டலாம். அங்கே அழுத்துகிற இயந்திரம் உண்டு, வெளிச்சம் உண்டு, காய்ந்த தரை உண்டு. காட்டு நடுவிலும் கரை மேலும் இருக்கிற சாமானைச் சேற்றில் நிற்கிற இரண்டு பேர்தான் கழற்றவேண்டும். அவர்களுக்கு எது வசப்படுமோ அதுதான் அளவு. கையால் தள்ளினால் போவது கை இறுக்கம். மரச்சுத்தியால் தட்டினால் போவது மர இறுக்கம். எண்ணெயில் காய்ச்சிச் சூட்டோடு இறக்கினால்தான் போவது நெருப்பு இறுக்கம். நெருப்பு இறுக்கத்தில் போனது பிறகு சொன்னபடி கேட்காது. இந்த மூன்றுக்கும் நடுவே இருக்கிற வித்தியாசம் ஒரு தலைமுடியின் கனம்கூட வராது. அந்த முடி அகலத்தில்தான் அவருடைய பிழைப்பு போனது.

கோலசிலாங்கூர் கடலோரத் தோட்டமொன்றில் பதினான்கு வருடம் லேத்துக்காரராக இருந்தவர் அவர். கடல் மட்டத்துக்குத் தாழ்ந்த நிலம். மண்கரை போட்டுக் கடலை நிறுத்தி, உள்ளே சேரும் மழைத்தண்ணீரைக் கரைமேல் இருக்கிற டீசல் பம்பு வெளியே இறைக்கவேண்டும். பம்பு நின்றால் எண்ணெய் எடுக்கிற செம்பனை மரங்கள் மூழ்கும். பம்பையும் இஞ்சினையும் சேர்த்துப் பிடிப்பது கப்ளிங் என்கிற இரும்பு வட்டு. பம்பின் பேரிங்கை மாற்றவேண்டுமானால் முதலில் ஷாப்ட் என்கிற சுழல்தண்டிலிருந்து அந்த வட்டு வெளியே வரவேண்டும்.

எண்பத்தோராம் வருடம் பட்டறைக்கு அழகேசன் போர்மேனாக வந்தான். உடையப்பனைவிடப் பத்து வயது இளையவன். பெட்டாலிங் ஜெயாவில் மூன்று மாதம் படித்துவிட்டு, அளவுப் பட்டியல் போட்ட தடித்த புத்தகத்தோடு வந்திருந்தான். மலேசியா அங்குலத்தை விட்டு மில்லிமீட்டருக்கு மாறிக்கொண்டிருந்த சமயம். பட்டறையில் பாயிண்ட் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும். அழகேசன் படித்துவந்த இடத்தில் பாயிண்ட் என்றால் மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு. பழைய பாயிண்ட், புதுப் பாயிண்ட்டைப்போல் இரண்டரை மடங்கு. இரண்டுக்கும் பெயர் ஒன்றாக இருப்பதை யாரும் யோசிக்கவில்லை.

ஒருநாள் லேத்து ஓடும் இரைச்சலில் அழகேசன் வந்து, பம்பு கப்ளிங்கை ரெண்டு பாயிண்ட் இறுக்கமாக, துளை ஷாப்ட்டைவிட அவ்வளவு சிறிதாக, கடையச் சொன்னான். உடையப்பன் பழைய பாயிண்ட்டில் இரண்டு கடைந்தார். கடையுமுன்பே, கரைமேல் கழற்றவேண்டியதாயிற்றே, இவ்வளவு இறுக்கம் எதற்கு என்று கேட்டிருந்தார். சொன்னதைச் செய்யுங்கள் என்று பதில் வந்தது. இரண்டு மாதத்தில் பேரிங் போனது. கப்ளிங் வரவில்லை. அடித்த அடியில் பம்பின் உறை வெடித்தது. ஒன்பது நாள் தண்ணீர் நின்று இளங்கன்றுகள் அழுகின.

ஆபீசில் விசாரணை வைத்தார்கள். அழகேசன் ஒரு வரைபடத்தை மேசைமேல் வைத்தான். மில்லிமீட்டரில் அளவு போட்டு, தேதி போட்டு, அழகாக வரைந்திருந்தது. எழுதித்தான் கொடுத்தேன், இந்த ஆளுக்குப் பாயிண்ட் தெரியவில்லை என்றான். உடையப்பன் அந்தத் தாளை வாழ்க்கையில் முதல்முறையாக அங்கேதான் பார்த்தார். அதைச் சொன்னார். அப்போதிருந்த மானேஜருக்குத் தாள் கண்ணுக்குத் தெரிந்தது, பேச்சு தெரியவில்லை.

வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். ஒரு வாரம் கொடுத்தார்கள். மழையில் லோரி ஏற்றினார்கள். அவர் மனைவி வேலம்மா பின்கட்டில் போட்டிருந்த பயத்தங்காய்ப் பந்தல் அப்போதுதான் காய்த்துத் தொங்கியது. பிடுங்கிக்கொண்டா போகமுடியும்? மறுநாள் அழகேசன் பெண்டாட்டி புஷ்பவள்ளி கூடையோடு வந்து பறித்துக்கொண்டு போனாளாம். வேலம்மாவின் தம்பி சேது, அதே தோட்டத்தில் பிட்டர், பார்த்துவிட்டு வந்து சொன்னான். வேலை போனதற்குக்கூட வேலம்மா அழவில்லை. அந்தப் பயத்தங்காய்க்கு அழுதாள். அப்புறம் அதைச் சொல்லிச் சொல்லியே ஐந்து வருடம் தன் ஆத்திரத்துக்குத் தண்ணீர் ஊற்றினாள்.

உடையப்பன் அப்படிச் சொல்லிக்கொள்கிறவர் இல்லை. மூடிய பட்டறையொன்றின் முதலாளியான சீனத் தவுக்கே ஒருவர் நம்பிக் கொடுத்த லேத்தை வைத்து எழுந்து நின்றார். ஆனால் தோட்டத்துக்காரர்கள் வழியில் பார்த்தால் "என்னாண்ணே, எத்தன பாயிண்ட்?" என்று சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது.

எண்பத்தாறில் செம்பனை எண்ணெய் விலை வீழ்ந்தது. தோட்டங்கள் செலவைக் குறைத்தன. அந்தத் தோட்டம் தன் லேத்தை விற்றுவிட்டு வேலையை வெளியே கொடுத்தது. டவுன் பட்டறை ஒன்று செய்துகொடுத்த கப்ளிங் இரண்டே மாதத்தில் ஆட்டம் கண்டது. புதிதாக வந்திருந்த மானேஜர், ஜொகூர்க்கார மலாய்க்காரர், யார் யாரையோ விசாரித்துவிட்டு ஈஜோக்கில் இருக்கிற ஆளிடம் கொடு என்று சொல்லியிருக்கிறார். ஜூன் மாதம் ஒரு காலையில், சாக்கில் சுற்றிய பம்பு ஷாப்ட்டோடு அழகேசனே பட்டறை வாசலில் வந்து நின்றான்.

"நல்லா இருக்கீங்களாண்ணே? பழச மனசுல வெச்சுக்காதீங்க. அப்ப நடந்தது ஒரு சிலாப்பு."

பேருந்தில் காலை மிதித்துவிட்டவன் தவறிப்போச்சு என்பதுபோலச் சொன்னான்.

"யாரு செஞ்ச சிலாப்பு?" என்று உடையப்பன் கேட்டார்.

அழகேசன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, வெயிலைப் பற்றி ஏதோ சொன்னான். பிறகு காரியத்துக்கு வந்தான். டவுன்காரன் கை இறுக்கத்தில் விட்டுவிட்டான், கப்ளிங் ஆடி ஆடி, வட்டை ஷாப்ட்டோடு பூட்டுகிற ஆப்பான கீயைத் தின்றுவிட்டது, இந்தத் தடவை அசையவே கூடாது.

அப்போது உடையப்பனுக்கு வழக்கமான கேள்வி தொண்டை வரைக்கும் வந்தது. கழட்டப் போறது யாரு, எத வெச்சு? கேட்டிருந்தால் அழகேசனுக்கே விளங்கியிருக்கும். டவுன்காரன் லூசாக விட்டதற்கு மருந்து மர இறுக்கம். நல்ல கீயும், முகப்பில் போல்ட்டு போட்டு வட்டை வெளியே தள்ளுவதற்கு மரை போட்ட இரண்டு துளையும் இருந்தால் போதும். கரைமேல் நிற்கிற பம்புக்கு அதற்குமேல் பாவம். இது அவருக்கு மனப்பாடம். போகிற வருகிறவனுக்கெல்லாம் சும்மா சொல்கிற புத்தி.

அதை விழுங்கினார். ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

"எழுதிக் குடுங்க, போர்மேன். எனக்குத்தான் பாயிண்ட் தெரியாதே."

அழகேசனுக்குக் குத்தியிருக்கவேண்டும். காட்டிக்கொள்ளாமல் புத்தகத்தைத் திறந்தான். விரல் பட்டியலில் கீழே கீழே இறங்கிக் கடைசி வரியில் நின்றது. ஷாப்ட்டைவிடத் துளை 0.05 மில்லிமீட்டர் சிறிது என்று எழுதினான். உடையப்பன் கேட்டபடி கையெழுத்தும் தேதியும் போட்டான்.

லோரி போன பிறகு உடையப்பன் சாக்கட்டியால் லேத்து மூடியில் கணக்குப் போட்டுப் பார்த்தார். புதுப் பாயிண்ட்டில் ஐந்து. பழைய பாயிண்ட்டில் இரண்டு. அன்றைக்கு வாயால் சொல்லிவிட்டு இல்லையென்று சாதித்த அதே அளவு. இப்போது தன் கையாலேயே எழுதித் தந்துவிட்டுப் போயிருக்கிறான், அதுவும் தெரியாமலே. உடையப்பன் மறுபடியும் ஒருமுறை பெருக்கிப் பார்த்தார். சந்தேகத்தால் அல்ல, ருசிக்காக.

சாயங்காலம் வேலம்மா நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். உடையப்பன் பக்கத்தில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னார்.

"அந்தக் கேள்விய அவன்கிட்ட கேக்கலியா?"

"கேக்கல."

வேலம்மா தலையைக் கிள்ளிய நெத்திலியைச் சட்டியில் போட்டாள். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தாள். "இந்தத் தடவ புஷ்பவள்ளி எந்தப் பந்தல்ல போய்ப் பறிப்பா?" என்றாள். கல்யாணமான புதிதில் சிரித்தமாதிரி இருந்தது அவருக்கு.

சொன்ன அளவுக்கு ஒரு முடி கூடாமல் குறையாமல் கடைந்தார். எண்ணெயில் காய்ச்சி, சூட்டோடு ஷாப்ட்டில் இறக்கினார். தள்ளுவதற்கான மரைத்துளை போடவில்லை. தாளில் அது இல்லை. அழகேசன் வந்து வட்டை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கிப் பார்த்துவிட்டு, "அசையல லா, இதான் வேல" என்று மெச்சிக்கொண்டு எடுத்துப்போனான்.

இதைக் கழற்றப்போகிறவன் சேது என்பது உடையப்பனுக்கு மறந்துபோகவில்லை. அந்த நினைப்பு வந்தபோதெல்லாம் அதற்கு ஒரு பதில் வைத்திருந்தார். அதே வாரம், அதே ஷாப்ட்டுக்கு இன்னொரு கப்ளிங் கடைந்தார். இது மர இறுக்கம், முகப்பில் இரண்டு மரைத்துளை. எண்ணெய்த் துணியில் சுற்றிப் பலகைக்கடியில் வைத்தார். எப்போது கூப்பிடுகிறார்களோ அப்போது இதை எடுத்துக்கொண்டு ஓடினால் சேதுவுக்கு ஒரு குறையும் வராது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

நவம்பரில் மழையும் பெரிய அலையும் சேர்ந்து வந்தன. பம்பு நின்றுவிட்டது, பேரிங் போச்சாம், கப்ளிங் வரமாட்டேன் என்கிறதாம் என்று பேருந்தில் வந்தவர்கள் சொன்னார்கள். உடையப்பன் போகவில்லை. அவர்களாகக் கூப்பிடட்டும் என்று இருந்தார். முதல் நாள் போனது. இரண்டாம் நாள் வேலம்மா, தண்ணி லயத்துப் பக்கம் ஏறுமா என்று கேட்டாள். செம்பனைதான் நனையும் என்றார். இருவரும் அன்றைக்கு நன்றாகவே சாப்பிட்டார்கள்.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குத் தோட்டத்து லோரி வந்தது. ஓட்டிவந்த நடராஜா இறங்காமலே, மானேஜர் உடனே வரச்சொன்னார் என்றான். பிறகு வேலம்மாவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். நேற்று கப்ளிங்குக்குப் பின்னால் பித்தளைக் கட்டையை சேது பிடித்துக்கொண்டிருக்க, யாரும் பலமாக அடிக்கவில்லை என்று அழகேசனே பெரிய சுத்தியை வாங்கி அடித்திருக்கிறான். கட்டை நழுவிவிட்டது. சேதுவின் இடது கையில் மோதிரவிரல், மேல்கணு, நசுங்கிப்போனது.

உடையப்பன் குனிந்து பலகைக்கடியில் இருந்த பொட்டலத்தை எடுத்தார். அவள் முகத்தைப் பார்க்காமல் இரும்பு ரம்பம், உளி, மரச்சுத்தி என்று பையில் போட்டார். வேலம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"நாம சிரிச்சோம்ல," என்றாள். அவரை மட்டும் சொல்லவில்லை. பிறகு, "போங்க. ஆனா சும்மா கழட்டிக் குடுத்துட்டு வந்துறாதீங்க. என் தம்பி வெரலுக்கும் சேத்து அவன் வாயத் தொறக்கணும்," என்றாள்.

மண்கரைமேல் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். ஒரு பக்கம் கடல்தண்ணீர் கரை விளிம்பு வரைக்கும் நின்றது. மறுபக்கம் செம்பனைகள் இடுப்பளவு தண்ணீரில் நின்றன. மானேஜர் பூட்ஸ் முழுக்கச் சேறாக நின்றார். சேது கையில் பெரிய கட்டோடு பம்பு அருகில் இருந்தான். டிஸ்பென்சரியில் கட்டுப் போட்டதும் வீட்டுக்குப் போயிருக்கலாம். பம்பு அவன் பொறுப்பு, அதனால் வந்திருந்தான். உடையப்பனைக் கண்டதும் அவன் முகம் தெளிந்தது. "வந்துட்டீங்களா மச்சான்," என்றான். அவன் கையைப் பார்க்காமல் உடையப்பன் பம்பருகே குனிந்தார்.

வட்டைத் தடவிப் பார்த்தார். விளிம்பெல்லாம் அடிவாங்கிச் சப்பளிந்திருந்தது. ஷாப்ட்டு நல்லவேளையாக வளையவில்லை. வட்டை அறுத்தால் வரும் என்று மானேஜரிடம் மலாயில் சொன்னார். அறுக்க அழகேசன் விடவில்லை என்றார் மானேஜர். அறுத்துவிட்டால் மாட்டுவதற்கு வேறு கிடையாது, புதிது செய்ய ஒரு வாரம் ஆகும். உடையப்பன் தலையாட்டினார். பையைத் திறக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து மானேஜர் கையில் கொடுத்தார்.

மானேஜர் படித்துப் பார்த்துவிட்டு, இது யார் கையெழுத்து என்று அழகேசனைக் கேட்டார். அவன் தன்னுடையதுதான் என்றான். புத்தகத்தில் உள்ளதைத்தான் எழுதினேன் என்றும் சேர்த்துக்கொண்டான்.

"இது இந்த வருசத்து ரெண்டு பாயிண்ட்," என்றார் உடையப்பன். "அஞ்சு வருசத்துக்கு முன்னால சொன்ன ரெண்டு பாயிண்ட்டு? எனக்குப் பேப்பர் குடுத்தீங்களா, போர்மேன்?"

"இப்ப என்னாத்துக்குண்ணே அது? தண்ணி ஏறுது."

"தண்ணி உங்க தோட்டத்துல ஏறுது. எனக்கு ஈஜோக்ல வேல கெடக்கு."

அழகேசன் சுற்றிப் பார்த்தான். உதவிக்கு யார் முகமும் வரவில்லை. 'எத்தன பாயிண்ட்' என்று அவரைக் கேலி செய்தவர்களும் அங்கேதான் இருந்தார்கள். ஒருவன் தண்ணீரைப் பார்த்தான். இன்னொருவன் பீடியைப் பற்றவைக்கத் திரும்பிக்கொண்டான்.

"வாயாலதான் சொன்னேன்," என்றான் அழகேசன். "பேப்பரு... பின்னால வரஞ்சது."

"மலாய்ல சொல்லுங்க. அவருக்கு வெளங்கணும்ல."

சொன்னான். வார்த்தை வார்த்தையாகச் சொன்னான். ஒரு தடவை மென்று விழுங்கினான். உடையப்பன் முதலிலிருந்து சொல்லச் சொன்னார். அதுவும் நடந்தது. ஐந்து வருடமாக இந்த நிமிடத்தை அவர் எத்தனையோ விதமாக மனதில் ஓட்டிப் பார்த்திருந்தார். எந்த விதத்திலும் இவ்வளவு நன்றாக வந்ததில்லை. அவசரப்படாமல் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

பிறகு வேலை. கீ இருக்கிற இடத்தில் வட்டின் சதை மெலிவு. அங்கே ரம்பத்தை வைத்து நீளவாக்கில் அறுத்தார். ஷாப்ட்டைத் தொடாமல் கீயின் முதுகு வரைக்கும் இறங்கியதும் நிறுத்தி, வெட்டில் உளியை வைத்து இரண்டு தட்டு. நெருப்பில் ஏறிய வட்டு டப்பென்று வாயைத் திறந்து கையோடு வந்தது. பேரிங்கை மாற்றினார்கள். உடையப்பன் எண்ணெய்த் துணியைப் பிரித்தார்.

சேது நல்ல கையை நீட்டி அந்தப் புதுக் கப்ளிங்கை வாங்கினான். முகப்பில் இருந்த இரண்டு மரைத்துளையையும் கட்டைவிரலால் தடவினான். தடவிய எண்ணெய் மாதக்கணக்கில் கிடந்து பிசினாகி இரும்போடு ஒட்டியிருந்தது. அவனும் பட்டறைக்காரன்தானே.

"இத எப்பக் கடஞ்சீங்க மச்சான்?"

"ஜூன் மாசம்."

சேது அதைத் திருப்பிக் கொடுத்தான். மரச்சுத்தியால் நாலு தட்டுத் தட்டியதும் வட்டு தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. சாயங்காலம் நாலு மணி கழிந்து பம்பு ஓடத் தொடங்கியது. மற்றவர்கள் கைதட்டினார்கள். சேது கட்டுப் போட்ட கையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கரையோடு நடந்துபோனான்.

மானேஜரும் மடையர் இல்லை. மாற்றுச் சாமானைக் கையிலே வைத்துக்கொண்டு ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். எழுதிக் கொடுத்ததைச் செய்தேன் என்றார் உடையப்பன். மானேஜர், நீ கெட்டிக்காரன் என்று மலாயில் சிரிக்காமல் சொன்னார். அந்தத் தாளை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். வருடப் பிறப்பில் அழகேசனைப் போர்மேன் வேலையிலிருந்து எடுத்து, வேறு டிவிஷனில் ஸ்டோர் சாவியைக் கொடுத்து உட்காரவைத்தார்கள். 'எத்தன பாயிண்ட்' என்கிற கேள்வி அவனோடு போய்விட்டது. தோட்டத்திலிருந்து உடையப்பனுக்கும் அதன்பிறகு ஒரு வேலையும் வரவில்லை.

சேதுவுக்கு மேல்கணுவை எடுத்துவிட்டார்கள். வேலம்மா இரண்டு தடவை மீன்குழம்பு வைத்து எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். போய்வந்தால் நேரே அடுப்பங்கரைக்குப் போய்விடுவாள். அடிபட்டு மூன்றாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை, உடையப்பன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு தனியாகப் போனார். லயத்துக்குள் அவர் காலெடுத்து வைத்து ஐந்து வருடமாகிவிட்டது. சேது வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். எழுந்திருக்கவில்லை. உட்காரச் சொன்னான்.

கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினார்கள்.

"அழகேசன்கிட்ட அந்தக் கேள்விய கேக்கலன்னா போவுது மச்சான்," என்றான் சேது. "எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம். ஜூன் மாசத்துலேருந்து எத்தன தடவ ஒங்க வீட்டுல சோறு தின்னேன்."

உடையப்பன் பொய் சொல்லலாமா என்று யோசித்தார். வரவில்லை.

"சொல்லியிருந்தா நீ போய் அவன்கிட்ட சொல்லியிருப்ப."

சேது நிமிர்ந்து பார்த்தான்.

"ஆமா," என்றான். "சொல்லித்தான் இருப்பேன்."

சேதுவின் விரலுக்காக உடையப்பனுக்கு மனசு வலித்தது. அழகேசன் கரைமேல் நின்று மென்று விழுங்கியதை நினைத்தால் இப்போதும் இனித்தது. ஒன்று வந்து மற்றதை அழித்துவிடும் என்றுதான் இந்த மூன்று வாரமும் காத்திருந்தார். இரண்டும் அப்படி அப்படியே இருந்தன.

"கொஞ்ச நாளைக்கு நான் வரலன்னு அக்காகிட்ட சொல்லிருங்க," என்றான் சேது. "கோவம்னு சொல்லாதீங்க. அழும்."

"சொல்றேன்," என்று உடையப்பன் எழுந்தார். சேது அவரோடு சாலை வரைக்கும் நடந்துவந்தான். மோட்டார் சைக்கிள் மண்பாதையில் திரும்பும்வரை நின்றுவிட்டு, பம்பைப் பார்க்கக் கரைப்பக்கம் போனான்.